ஆராம தானம்

 

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிவுற்ற வேளையில் அன்பர் ஒருவர் எழுந்து, "ஐயா, விகாரத்தில் பேசவேண்டியது நிப்பானத்தைப் பற்றி. தாங்களோ மூன்று பௌர்ணமியாக மண்வெட்டியைப் பற்றியே பேசுகின்றீர்கள்" என்று குறை கூறினார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. ஆயினும் நான்காம் முறையும் அதைப் பற்றியே பேசத் துணிந்து நிற்கின்றேன். பொறுத்தருள்க.

நம் லைன் வீடுகளுக்கும் சயனைடு மலைக்கும் இடையே, இடிந்த மதிலொன்றினுள் கிடந்த வெற்றிடத்தை நம்மவர் சிலர் ஞாயிறுதோறும் திருத்தி வருவதை நீங்கள் அறிவீர்கள். முள்ளும் கண்ணாடிச் சில்லும் அள்ளி அகற்றப்பட்டன. பதினெட்டு வேம்பும் புங்கும் நடப்பெற்று, அவற்றுள் பதினொன்று பிழைத்துள்ளன. ஏனைய ஏழில் ஐந்தை ஆடுகள் உண்டன. இரண்டு நீரின்றி மாண்டன. ஆடு உண்டதற்காக நான் வருந்தவில்லை, அதற்குப் பசி. நீரின்றி மாண்ட இரண்டிற்கு மட்டும் நம்முள் யாரோ பொறுப்பாளிகள். அவருள் முதல்வன் யானே. இந்தச் சிறு இடத்தைப் பூங்கா என்றழைக்கச் சிலர் நகைக்கின்றனர். நகைப்பவர் நகைக்கட்டும். மாலையில் அங்கே வந்தமரும் கிழவர்களும் ஓடியாடும் குழந்தைகளும் அதனைப் பூங்கா என்றே அழைக்கின்றனர்.

பகவன் புத்தருடைய வாழ்க்கையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அவர் பிறந்தது அரண்மனைக் கட்டிலில் அன்று. லும்பினி என்னும் சோலையில். ஞானம் பெற்றது அரச மரத்தின் அடியில். முதன்முதல் தம்மத்தை உரைத்தது மான்கள் உலவும் இசிபதனத்துப் பூங்காவில். இறுதியில் உடலை நீத்தது குசினாராவில், மல்லர்களுடைய சால மரச் சோலையில், இரு மரங்களின் இடையே. இராசகிருகத்தில் பிம்பிசார மன்னன் அவருக்கு முதலில் அளித்த தானம் மாளிகையா? இல்லை, வேணுவனம் என்னும் மூங்கில் தோட்டம். ஊருக்கு அதிகத் தொலைவும் இன்றி, அதிக அண்மையும் இன்றி, பகலில் கூட்டமும் இரவில் சந்தடியும் இல்லாத இடமாக, யாவரும் வந்து செல்லத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்று அம்மன்னன் ஆராய்ந்து அதனைத் தேர்ந்தானாம். ஒரு நகரத்தில் பூங்கா எங்கே அமைதல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கணத்தை எந்த நகரசபைப் புத்தகத்திலும் யான் கண்டிலேன்.

'ஆராமம்' என்ற சொல்லை எண்ணுங்கள். பிக்குகள் வாழும் இடத்தைச் சங்காராமம் என்கிறோம். சோலைக்கும் பூங்காவுக்கும் அதுவே பெயர். அச்சொல்லின் வேர் மகிழ்தல் என்னும் பொருளை உடையது. ஆகவே, பௌத்தர்கள் தம் புனித இடத்திற்கு இட்ட பெயரே 'மகிழும் இடம்' என்பதாகும். முகத்தைச் சுளித்துக்கொண்டு அமர்வதே பக்தி என்று எண்ணும் அன்பர்கள் இதனைக் கருத்தில் இருத்துவார்களாக.

இனி, ஜேதவனத்தின் கதைக்கு வருவோம். இக்கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால், பொன் வயலில் வாழும் நாம் அதைக் கேட்கவேண்டிய முறை வேறு.

சாவத்தி நகரத்து வணிகர் சுதத்தர், ஏழைகட்குச் சோறிட்டமையால் அனாதபிண்டிகர் எனப் பெயர் பெற்றவர், ததாகதர் தங்குவதற்கு ஓர் இடம் தேடினார். ஜேதன் என்னும் அரசகுமாரனுடைய தோட்டம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. விலை கேட்டார். கொடுக்க மனமில்லாத குமாரன், "நிலம் முழுவதும் பொன்னைப் பரப்பினாலும் தாரேன்" என்றான். "விலை கூறிவிட்டீர், வாணிகம் முடிந்தது" என்றார் வணிகர். வழக்கு நீதிபதிகளிடம் சென்றது. விலை குறித்தமையால் விற்பனை செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. வண்டி வண்டியாகப் பொற்காசுகளைக் கொணர்ந்து, விளிம்போடு விளிம்பு சேர நிலத்தில் பரப்பினார். இக்காட்சியை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பார்கூத்துத் தூபியின் கல்வேலியில் சிற்பிகள் செதுக்கி வைத்தனர். அக்கல் இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் படத்தைப் பாருங்கள். வண்டியினின்றும் அவிழ்க்கப்பட்ட மாடுகள் இளைப்பாறுகின்றன. ஆட்கள் குனிந்து சதுரக் காசுகளைப் பாய் முடைவதுபோல் அடுக்குகின்றனர். அச்சிற்பி மாட்டின் களைப்பை மறந்தானில்லை. அவன் உழைப்பாளியாகவே இருந்திருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம்.

அன்பர்களே! அவ்வணிகர் பொன்னைக் கொண்டு நிலத்தை மூடி ஓர் ஆராமத்தைப் பெற்றார். நம் ஊரில் நிகழ்ந்தது யாது? 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த நாள் தொட்டு, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது வரை, நூற்றிருபது ஆண்டுகள் நாம் பொன்னை நிலத்தினின்றும் எடுத்தோம். ஏறத்தாழ 800 டன் பொன் என்பர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடந்த ஆழத்தில், நம் தந்தையரும் பாட்டனாரும் இறங்கி எடுத்தனர். பொன் போயிற்று. அதற்கு ஈடாக நிலத்தின்மேல் நாம் பரப்பியது மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கசடு மண். அவர் செய்ததற்கு நேர் மாறான செயலை நாம் செய்து முடித்திருக்கின்றோம்.

'நாம்' என்று யான் கூறுவது அலங்காரத்திற்காக அன்று. யான் மில்லில் வேலை செய்தவன். பாறையை மாவாக அரைத்து, அம்மாவைச் சயனைடு கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தபின், எஞ்சிய சேற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளுவது எங்கள் பகுதியின் தொழில். கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லில் மூன்று நான்கு கிராம் பொன் கிடைத்தாலே பெரிது. ஒரு சவரன் பொன்னுக்காக இரண்டு டன்னுக்கு மேற்பட்ட மண்ணை மலைமேல் சேர்த்தோம் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். ஆடி மாதக் காற்றில் அம்மலையினின்றும் எழுந்து, சோற்றிலும் தொட்டிலிலும் விழும் வெண்தூசியில், என் கையால் தள்ளிய மண்ணும் இருக்கின்றது. அன்று அது என் வயிற்றுப்பிழைப்பு, பிழை என்று எவரும் சொன்னாரில்லை, யானும் நினைத்தேனில்லை. இன்று அவ்விடத்தில் ஒரு வேம்பை நட்டு நீரூற்றும்போது, தானம் செய்கின்றேன் என்ற எண்ணம் எனக்கு வருவதில்லை. வாங்கிய கடனில் ஒரு காசு கட்டுகின்றேன் என்ற எண்ணமே வருகின்றது.

ஜேதவனக் கதைக்குத் திரும்புவோம். கொணர்ந்த பொன் முழுவதும் பரப்பிய பின்னரும், வாயிலருகே சிறு இடம் ஒன்று மூடப்படாமல் எஞ்சியது. மேலும் பொன் கொணர ஆட்களை ஏவினார் வணிகர். அதனைக் கண்ட ஜேத குமாரனுடைய உள்ளம் அப்போதுதான் இளகிற்று. "போதும், இவ்விடத்தை மூடவேண்டா. இது என் தானமாகட்டும்" என்றான். அவ்விடத்திலேயே வாயில் மாடத்தைக் கட்டினான். ஆராமத்திற்குள் நுழைந்தோர் அனைவரும், அரசரும் தோட்டியும், பொன் விழாத அம்மூலையின் வழியாகவே நுழைந்தனர். பொன்னில்லாத நமக்கும் அம்மூலை உண்டு. நம் கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரமும் ஒரு குடம் நீருமே.

இனி, என் குற்றம் ஒன்றைக் கூறவேண்டும். அதைக் கூறாமல் இப்பேச்சை முடித்தால் மேடைப் பொய்யனாவேன்.

அவ்வெற்றிடத்தில் பழைய புங்க மரம் ஒன்று உண்டன்றோ? அதனருகே மண்ணில் புதைந்து கிடந்த கற்பலகை ஒன்றை நம்மவர் நால்வர் கடப்பாரையால் நெம்பி எடுத்து, இரு கற்களின்மேல் நிறுத்தி இருக்கையாக்கினோம். அரை நாள் வேலை. என் முதுகு மூன்று நாள் வலித்தது. அடுத்த ஞாயிறு சென்று பார்க்கையில், இளைஞர் நால்வர் அதன்மேல் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தனர். கல்லை நிமிர்த்தியபோது அவருள் ஒருவரும் வந்தாரில்லை. எனக்குச் சினம் பொங்கிற்று. உழைத்தவன் யார், உட்கார்ந்தவன் யார் என்று உரக்க ஏசினேன். அவர்களுடைய தந்தையரின் பெயரையும் இழுத்தேன். அவருள் ஒருவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "உட்காரத்தானே ஐயா போட்டீர்கள்?" என்று அமைதியாகக் கேட்டான். மறுமொழி கூற இயலாமல் வீடு திரும்பினேன்.

அன்றிரவு எனக்கு மகன் என்னும் வாலிபனுடைய கதை நினைவுக்கு வந்தது. பெற்ற மகனைக் கூறவில்லை. 'மக' என்பது அவன் பெயர். குலாவக ஜாதகத்தில் வருபவன். மகத நாட்டில் மசலம் என்னும் சிற்றூர், முப்பது குடும்பங்கள். ஊர்க் காரியம் பேச மக்கள் கூடும் இடத்தில் ஒருநாள் அவன் தன் காலால் புழுதியைத் தள்ளி, தான் நிற்பதற்குச் சிறிது இடத்தைத் துப்புரவு செய்தான். அவ்விடம் சுத்தமாயிருக்கக் கண்ட வேறொருவன் அவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு அங்கே நின்றான். மகன் சற்று அப்பால் சென்று, மற்றோர் இடத்தைத் துப்புரவு செய்தான். அங்கும் ஒருவன் வந்து நின்றான். மூன்றாவது இடம், நான்காவது இடம். இங்ஙனம் கூட்டத்தார் அனைவருக்கும் இடம் துப்புரவாகும் வரை அவன் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தான். அவன் என்ன எண்ணினான் தெரியுமா? 'இவர்கள் அனைவரும் என் வேலையால் சுகமடைந்தனர். பிறருக்குச் சுகம் தந்த செயல் எனக்கும் சுகம் தராமற் போகாது' என்று எண்ணி மகிழ்ந்தான். மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அத்திடல் முழுவதையும் நிரவினான்.

உபாசக உபாசிகையரே! நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டி இக்கதையைப் படித்தவன் யான். பத்து முறையாவது மேடையில் சொல்லியிருப்பேன். கதையில் வரும் மகனே யான் என்ற நினைப்பிலேயே சொல்லி வந்தேன். புங்க மரத்தடியில் நின்று கூச்சலிட்டவனை அக்கதையில் தேடிப் பார்த்தேன். அங்கே அவன் இல்லை. முழங்கையால் இடித்தவனுக்காவது அக்கதையில் இடமுண்டு, அவன் நிற்க ஆசைப்பட்டான், நின்றான். தான் துப்புரவு செய்த இடத்தைக் காவல் காத்தவனுக்கு அதில் இடமே இல்லை.

கதையின் பிற்பகுதியும் நம்மைப் பற்றியதே. மகனைக் கண்டு ஊர் வாலிபர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தனர். கோடரியும் தடியும் கையிலேந்தி விடியற்காலையில் புறப்பட்டு, பாதையிலிருந்த கற்களைப் புரட்டி அகற்றினர், மேடுபள்ளம் நிரவினர், பாலம் இட்டனர், குளம் தோண்டினர், மண்டபம் கட்டினர், ஐந்து சீலங்களையும் காத்தனர். இதில் ஒருவனுக்கு மட்டும் நட்டம். அவன் அவ்வூர்த் தலைவன். வாலிபர்கள் குடித்துச் சண்டையிட்ட காலத்தில் கள் விலையாகவும் அபராதமாகவும் அவனுக்கு வருவாய் இருந்தது. அது நின்றது. ஆகவே, "கொள்ளையர் கூட்டம் ஒன்று ஆயுதங்களுடன் திரிகின்றது" என்று அரசனிடம் கோள் மூட்டினான். அரசன் விசாரியாமல் அவர்களை யானைக் காலில் இடும்படி ஆணையிட்டான். மகன் தோழரை நோக்கி, கோள் சொன்னவனிடத்தும் அரசனிடத்தும் யானையினிடத்தும் நம் உடலினிடத்தும் ஒரே அளவான அன்பைச் செலுத்துங்கள் என்றான். யானைகள் மிதிக்க மறுத்துப் பிளிறி ஓடின. "உங்களிடம் ஏதேனும் மந்திரம் உண்டோ?" என்றான் அரசன். "உண்டு, கொலை செய்யோம், களவு செய்யோம், வழியை நிரவுவோம், குளம் தோண்டுவோம், மண்டபம் கட்டுவோம், இதுவே எங்கள் மந்திரம்" என்பது மகனுடைய விடை.

யானை ஓடிற்றா இல்லையா என்று பகுத்தறிவு பேசும் இளைஞர்கள் வினவலாம். வினவுங்கள், பௌத்தம் அதைத் தடுக்கவில்லை. ஆனால், ஊர் நன்மைக்காக நால்வர் கூடி உழைத்தால் "இவர்களுக்கு உள்நோக்கம் என்னவோ?" என்று கேட்கும் குரல் பொய்யா? அது நம் லைனிலும் கேட்கின்றது. "இடத்தை வளைத்துப் போடப் பார்க்கின்றனர்", "அடுத்த தேர்தலுக்கு நிற்கப் போகின்றனர்" என்ற பேச்சு என் காதில் விழாமல் இல்லை. வாயால் மறுத்துப் பயனில்லை. மதிலின் இடிந்த பக்கத்திற்குக் கதவு வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது நாம் மறுத்துவிட்டோம். அதுவே நம் விடை.

அக்கதையில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் ஒன்றுண்டு. மண்டபம் கட்டுகையில் மகளிருக்குப் பங்கில்லை என்று அவ்வாலிபர்கள் விதித்தனராம். சுதம்மை என்பவள் தச்சனோடு பேசி, கூரைக்கு வேண்டிய முகட்டுக் குமிழை முன்னரே செய்து வைத்துக்கொண்டாள். குமிழ் இல்லாமல் கூரை நிறைவுறாதென்ற நிலையில், பங்கு தந்தாலன்றித் தாரேன் என்று வாதிட்டு உள்ளே நுழைந்தாள். சித்தை என்பவள் பூந்தோட்டம் அமைத்தாள். நந்தை குளம் வெட்டினாள். சுசாதை மட்டும், "மகன் எனக்கு உறவினன்; அவன் செய்தது நான் செய்ததே" என்று சும்மா இருந்துவிட்டாள். பின்னர்ப் பிறவியில் கொக்காகப் பிறந்தாள் என்று கதை செல்கின்றது. மகளிரை முதலில் விலக்கியது அவ்வாலிபர்களின் அறியாமையே என்பேன். நம் பதினொரு கன்றுகள் எவராற் பிழைத்தன? குழாயில் நீர் வரும் நாளில் வரிசையில் நின்று, வீட்டிற்கு நான்கு குடம், கன்றுக்கு ஒரு குடம் என்று ஒதுக்கிய தாய்மாராலன்றோ? ஆடவராகிய நாம் குழி தோண்டிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

"இவையெல்லாம் பழங்கதை; இக்காலத்தில் நடக்குமா?" என்பீர்களாயின், நாள்தோறும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், ஜே.பி. நகரிலுள்ள புட்டேனஹள்ளி ஏரியை ஒருமுறை சென்று பார்த்து வரட்டும். பதின்மூன்று ஏக்கர் அளவினதாகிய அச்சிற்றேரி வறண்டு, கட்டடக் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. சுற்றிலும் குடியிருந்தோர் சிலர் கூடி 2010இல் ஓர் அறக்கட்டளை அமைத்தனர். 2011ஆம் ஆண்டில் அதனைப் பேணும் பொறுப்பை மாநகராட்சியே அவர்களுடன் உடன்படிக்கை செய்து ஒப்படைத்தது. ஏரிக்கு நீர்வரத்து போதாமையால், அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீரைத் தூய்மையாக்கி அதில் விடச் செய்தனர். இன்று நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பறவைகளை அங்கே கண்டு எழுதி வைத்துள்ளனர். அவர்கள் கற்றவர், வசதியுடையவர், அதிகாரிக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர். அது உண்மையே. ஆயினும் நீர்ப்பாசியை வாரி எடுக்கையில் சேறு கற்றவர் கையிலும் ஒட்டத்தான் செய்யும்.

கல்லாதவர்க்குச் சான்று வேண்டுமா? இதே கருநாடகத்தில் ஹுளிகல் என்னும் ஊரில் வாழ்ந்த திம்மக்கா அம்மையாரை எண்ணிப் பாருங்கள். கல் உடைக்கும் கூலி வேலை செய்தவர், பள்ளி சென்றறியாதவர், பிள்ளைப்பேறு வாய்க்காதவர். ஊர்ப்பேச்சு எத்தகையதாயிருந்திருக்கும் என்று நம் தாய்மாருக்கு யான் சொல்லவேண்டுவதில்லை. அவரும் கணவர் சிக்கையாவும் ஹுளிகல்லிலிருந்து கூதூர் செல்லும் சாலையில் முதல் ஆண்டு பத்து ஆலங்கன்று, அடுத்த ஆண்டு பதினைந்து, பின்னர் இருபது என்று நட்டுச் சென்றனர். வேலை முடிந்த பின்னர்க் குடத்தில் நீர் சுமந்து நடந்தனர். நான்கு கிலோமீட்டர் சாலையில் 385 ஆல மரங்கள் ஓங்கி வளர்ந்தன. 2019இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. அம்மையார் அம்மரங்களின் நிழலில் அமர்ந்தோர் யாவர் என்று கணக்கு வைத்தாரா? எவனாவது சீட்டாடினானா என்று பார்க்கச் சென்றாரா?

இலங்கையில் நடந்ததையும் சுருங்கக் கூறுவேன். 1958இல் கொழும்பு நாளந்தா வித்தியாலயத்து ஆசிரியர் ஆரியரத்தினா தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனதொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். அது ரொடியர் எனத் தாழ்த்தி ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர். அவர்களுடன் கூடிக் கிணறு தோண்டினர், மண் சுமந்தனர், உடன் உண்டனர். சிரமதானம் என்னும் பெயர் அங்கிருந்து உலகெங்கும் பரவியது. பௌத்த நாட்டில், பௌத்தரே ஒதுக்கி வைத்த ஊரில் அது தொடங்கிற்று என்பதைப் பண்டிதர் அயோத்திதாசரின் வழிவந்த நாம் மறக்கலாகாது. பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' ஏட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டே நம் பாட்டனார் இப்பொன் வயலில் சங்கம் கண்டனர். சுரங்கத்திலிருந்து ஏறிவந்து, குளித்த ஈரம் காயுமுன் கூடி அமர்ந்து கேட்டனர். நிலத்தின் கீழே பகலைக் கழித்தவர்க்கு மாலைக் காற்று எத்தகைய செல்வம் என்பதை எண்ணுங்கள். தூசியேறிய நெஞ்சுடன் இருமிக்கொண்டே அக்காற்றுக்காக வெளியே வந்தமர்ந்த கிழவர்களை யான் சிறுவயதில் கண்டிருக்கின்றேன். அவர்கள் அமரப் பூங்கா இல்லை. வீட்டுத் திண்ணையோரமே அவர்கள் ஆராமம்.

"அவ்விடம் யாருடையது? அரசாங்கம் செய்யவேண்டியதை நாம் ஏன் செய்யவேண்டும்?" என்ற வினாவும் எழுந்தது. அரசாங்கம் செய்யவேண்டியது உண்டு, கேட்டுக்கொண்டே இருப்போம், மனுக்கள் எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதட்டும். ஆனால், ஆடிக்காற்று மனுவுக்கு விடை வரும் வரை காத்திருப்பதில்லை. அசோக மாமன்னர் சாலைதோறும் ஆலமரம் வைத்ததையும், மாந்தோப்பும் கிணறும் அமைத்ததையும் தம் கல்வெட்டில் பொறித்தார். மக்கள் அறத்தைப் பின்பற்றுதற்பொருட்டே அவற்றைச் செய்ததாகவும் குறித்தார். அந்த அசோகர் என்னும் பெயரே நெடுங்காலம் கல்வெட்டுகளில் காணப்படாமல், 'தேவர்க்கினியன்' என்னும் பட்டமே காணப்பட்டது. 1915இல் இராய்ச்சூர்ச் சீமையில் மஸ்கி என்னுமிடத்தில் அப்பெயர் பொறித்த பாறையைக் கண்டெடுத்தவர் யார் தெரியுமா? பீடன் என்னும் பொற்சுரங்கப் பொறியாளர்! பொன்னைத் தேடிச் சென்றவர் கண்ணில், மரம் வைத்தவருடைய பெயர் பட்டது.

பிக்குகளின் சிறு விதிகளில் ஒன்று: நோயில்லாத பிக்கு பசும்புல்லின்மீது சிறுநீர் கழித்தலும் எச்சில் உமிழ்தலும் ஆகாது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் விதித்தது. நம் புங்க மரத்தடியில் வெற்றிலைச் சாறு தெறித்திருப்பதைக் காண்கையில், இவ்விதியை உபாசகர்க்கும் நீட்டலாகாதா என்று தோன்றுகின்றது. யாரையும் குறித்துக் கூறவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் நண்பர் சிரிக்கின்றார்.

அவ்விளைஞர்களிடம் அடுத்த ஞாயிறே சென்று, ஏசியது தவறு என்று கூறினேன். அவர்கள் எழுந்து நின்றனர். அது எனக்குச் சினத்தினும் கூச்சமாயிருந்தது. சிங்காலனுக்குப் பகவர் உரைத்த சூதாட்டத்தின் ஆறு தீமைகளையும், வந்ததற்குச் சொல்லி வைத்தேன். பணம் வைத்து ஆடவில்லை என்றனர். பொறுமையாகக் கேட்டனர், பின்னர் அடுத்த ஆட்டத்திற்குச் சீட்டைக் கலைத்தனர். இன்றும் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்தபின் குடித்து மிஞ்சிய நீரை அருகிலுள்ள வேம்புக்கு ஊற்றிச் செல்கின்றனர் என்று என் மனையாள் கூறினாள். யான் பார்க்கச் செல்லவில்லை.

ஆடிக்குள் மேற்குப் பக்கத்தில் நெருக்கமாக ஒரு வரிசை நட்டுவிட்டால், பின்வரும் ஆண்டுகளில் தூசியின் ஒரு பங்கையாவது அது தடுக்கும். குழிகள் இருபது தோண்டப்பட வேண்டும். அங்குள்ள மண்ணில் கசடு கலந்திருப்பதால், ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கூடை செம்மண்ணும் ஒரு கூடை எருவும் வெளியிலிருந்து கொணர்ந்து இடல் வேண்டும். ஆடு நுழையாமலிருக்க முட்கிளைகள் தேவை. கையுறை அணியாமலும் முகத்தில் துணி கட்டாமலும் எவரும் அப்பக்கத்து மண்ணைக் கிளற வேண்டா. குழந்தைகள் வேலை முடியும் வரை மதிலுக்கு இப்பால் இருக்கட்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு நிறுத்துவோம், அதன்பின் வெயில். கடப்பாரை மூன்று உள்ளன, கூடைகள் போதவில்லை. குடம் கொணர்பவர் தம் குடத்தில் அடையாளம் இட்டுக்கொள்க. சென்ற முறை இரண்டு குடங்கள் மாறிப்போய், அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.